செவ்வாய்க்கிழமை, மைனஸ் இருபத்தாறு

தண்டர் பே நகரம் இன்னும் விடியவில்லை.
என் சக்கர நாற்காலிக்குக் கலப்பை பூட்டியாயிற்று.
கலப்பை என்றால் உழுவதற்கில்லை,
பனி தள்ளும் இரும்புத் தகடு.
கராஜ்கார மெர்வின் காசு வாங்காமல் பற்றவைத்தது.
வாங்காத காசை இரண்டு வருடமாய்ச்
சொல்லிக் காட்டியே வசூலித்துவிட்டான்.

நாங்கள் நான்கு பேர்.
புதைந்து கிடக்கும் பேருந்து நிறுத்தங்கள் பதினொன்று.
ரெய்யோவுக்கு எண்ணுவதில் தகராறு.
ஆனால் எந்த நிறுத்தத்தில் யார் வந்து நிற்பார்கள் என்பது
அவனுக்கு அத்துப்படி.
"ஆல்கோமா தெரு முனை. சிவப்புப் பை.
முழங்கால் மடங்காது. அங்கே முதலில்."
எங்களுக்கு வேறு வரைபடம் இல்லை.

லூசீல் கோலால் தட்டித் தட்டிக் கேட்கிறாள்.
தாருக்கு ஒரு சத்தம்.
மிதிபட்டு இறுகிய பனிக்கு ஒரு சத்தம்.
கண்ணாடிப் பனிக்கு, பல்லில் கரண்டி பட்டதுபோல்.
அங்கே ஒரு பிடி உப்பு.
கண் தெரிந்த நான்
அந்த இடத்தில்தான் போன மாதம் சறுக்கினேன்.

டார்சி வாயால் பேசுவதில்லை.
கழுத்தில் தொங்கும் திரை அவனுக்காகப் பேசும்.
இந்தக் குளிரில் அதற்கும் நாக்கு மரத்துப்போகிறது.
சட்டைக்குள் விட்டு அடைகாத்து,
ஏரிக்காற்று ஓய்ந்த நேரம் பார்த்து எடுக்கிறான்.
அழுத்துகிறான்:
"காபி."

ஒருநாள் ஏழாவது நிறுத்தத்தில்
என் பேட்டரி உயிரை விட்டது.
ரெய்யோ தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி
பேட்டரிக்குப் போட்டான்.
காதெல்லாம் பீட்ரூட் நிறமாக நின்றபடி
"இப்போ ஓடும், இப்போ ஓடும்" என்றான்.
ஓடவில்லை.
மெர்வின் வந்துதான் இழுத்துப் போனான்,
அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு.

மையத்தில் ஒரு பதிவேடு உண்டு.
அதில் எங்கள் செவ்வாய்க்கிழமைகள் இப்படி:
செயல்பாடு, வெளிக்காற்று.
பயனாளிகள், நால்வர்.
தேவாலயப் படி நான்கைக் கூட்டிய
கர்லிங் சங்கத்தாருக்கு
நகராட்சி நன்றிக் கடிதம் அனுப்பியது.
அதில் அவர்கள் தன்னார்வலர்கள்.
லூசீல் "மறுபடி வாசி" என்றாள்.
வாசித்தேன்.
"மறுபடி."

"பயனாளின்னா யாரு?" என்றான் ரெய்யோ.
பயன் பெறுகிறவர் என்றேன்.
கையுறையைக் கடித்தபடி யோசித்தான்.
"சிவப்புப் பை" என்றான்.

அதைத்தான் எழுதி அனுப்பினோம்,
லூசீல் சொல்லச் சொல்ல, நான் தட்டச்சு,
டார்சி காற்புள்ளிகளுக்குப் பொறுப்பு.
ஆறு வாரம் கழித்து ஒரு பொட்டலம் வந்தது.
கடிதம் இல்லை.
ஆரஞ்சு நிறத்தில் நான்கு மேல்சட்டைகள்,
நான்கும் யானைக்குத் தைத்த அளவு.
போட்டுக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமைகளில் பவுலிங்.
அங்கே யாரும் யாருக்கும் உதவுவதில்லை.
ரெய்யோ கோட்டைத் தாண்டி நின்று எறிவான்,
டார்சியின் திரை "கள்ளன்" என்று கத்தும்,
பக்கத்து மேசைக் குடும்பம் திரும்பிப் பார்க்கும்.
லூசீல் ஐந்தையும் சாய்த்துவிட்டு
எத்தனை என்று கேட்பாள்,
விழுந்த சத்தத்திலேயே தெரிந்திருந்தும்.

மூன்று செவ்வாயாய் சிவப்புப் பை வரவில்லை.
ஊர் மாறியிருக்கலாம். முழங்கால் முற்றியிருக்கலாம்.
வேறு ஏதாவதும் இருக்கலாம்.
நான் சொல்லிப் பார்த்தேன்:
"இன்றைக்குப் பள்ளிக்கூட நிறுத்தத்தில் தொடங்கலாமே?"
ரெய்யோ பதில் சொல்லவில்லை.
ஆல்கோமா தெருப் பக்கம் நடந்தான்.
திரும்பினேன். கலப்பையும் திரும்பியது.

தள்ளினேன். லூசீல் தட்டினாள். உப்பு விழுந்தது.
ஏழு பத்துக்குப் பேருந்து வந்து
காலியான இடத்தில் ஒட்டி நின்று
கதவைத் திறந்தது.
உள்ளிருந்து கொஞ்சம் வெதுவெதுப்பு
எங்கள் முகத்தில் பட்டது.
ஓட்டுநர் காத்திருந்தார்,
ரெய்யோ தலையசைக்கும் வரை.